திறமூலத் திட்டம் தொடங்குபவருக்கு: உரிமமும் பங்களிப்பு விதிகளும்

நிரலை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டுவிட்டால் அது திறமூலம் (யாரும் பயன்படுத்தி, மாற்றி, வெளியிட அனுமதியுள்ள மென்பொருள்) என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், ஒன்றை எழுதிய கணமே அதன் பதிப்புரிமை எழுதியவருக்குச் சேர்ந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, © குறி போட வேண்டியதில்லை. உரிமம் எதுவும் எழுதாமல் கிடக்கும் நிரலைக் கண்ணால் பார்க்கலாம். தளத்தின் சேவை விதிகள் இடம் தருவதால் அங்கேயே ஃபோர்க் செய்யலாம், அதாவது தன் கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துத் தன் மென்பொருளில் சேர்க்கவோ மாற்றி வெளியிடவோ யாருக்கும் அனுமதி கிடையாது.

இதே சட்டம் உங்கள் பக்கமும் திரும்பும். யாரோ ஒருவர் முப்பது வரித் திருத்தம் அனுப்பினால், அந்த முப்பது வரியின் உரிமையாளர் அவர். அதைத் திட்டத்தில் சேர்க்கும் மெர்ஜ் பொத்தானை அழுத்தியதால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. சில ஆண்டுகள் போனால் உங்கள் திட்டம் பலருக்குச் சொந்தமான கூட்டுச் சொத்தாகியிருக்கும். அதில் பாதிப் பேரின் மின்னஞ்சல் முகவரி வேலை செய்யாது.

ஆகவே உரிமத்தை ஒழுங்காக வைப்பதையும் பங்களிப்பவர்களுக்கு விதி எழுதுவதையும் இரண்டு வேலையாகப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது யாருடையது, எந்த நிபந்தனையில் வந்தது என்பதை வரும்போதே எழுதிவைக்க வேண்டும். அந்த ஒரு வேலைதான் இரண்டு பெயரில் நடக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பட்ட பாட்டுக்கு, இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் நல்ல சான்று. பழைய உரிமத்தை விட்டு அபாச்சி 2.0 என்ற உரிமத்துக்கு மாறப்போவதாக 2015-ல் சொன்னார்கள். பங்களித்த நூற்றுக்கணக்கானவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டியிருந்தது. புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தபோது 2021 செப்டம்பர் ஆகியிருந்தது. விஎல்சி பிளேயரின் உள் லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) ஜிபிஎல் உரிமத்திலிருந்து எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியபோதும் இதே தேடல்தான்.

முதல் படி: உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

நூற்றுக்கு மேற்பட்ட உரிமங்கள் இருந்தாலும் புதியவர் யோசிக்க வேண்டியவை நான்கைந்துதான். உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: என் நிரலை ஒருவர் எடுத்து, மேம்படுத்தி, மூலத்தைக் காட்டாமல் விற்றால் எனக்குச் சம்மதமா?

சம்மதம் என்றால் எம்ஐடி, பிஎஸ்டி, அபாச்சி 2.0 போன்ற தளர்வான உரிமங்கள் இருக்கின்றன. எம்ஐடி சில பத்திகளில் முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் அதற்கே போகிறார்கள். நான் அபாச்சி 2.0-ஐத்தான் பரிந்துரைப்பேன். 2004-ல் வந்த அந்த உரிமத்தில் எம்ஐடி வெளிப்படையாகச் சொல்லாத இரண்டு விஷயங்கள் உள்ளன. பங்களித்தவர் தன் பங்களிப்பைத் தொடும் மென்பொருள் காப்புரிமைகளை (பேட்டன்ட்களை) பயன்படுத்தவும் அனுமதி தருகிறார். அப்புறம், வேறு விதமாகச் சொல்லாமல் திட்டத்துக்கு வேண்டுமென்றே அனுப்பப்படும் எந்தத் திருத்தமும் அதே உரிமத்தின்கீழ் வந்ததாகவே கொள்ளப்படும் என்று அதன் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. பங்களிப்பு விதி எழுதாத நாளிலும் அந்தப் பிரிவு உங்களைக் காப்பாற்றும்.

சம்மதம் இல்லை, மேம்படுத்தியவர் மூலத்தையும் தர வேண்டும் என்றால் ஜிபிஎல். லைப்ரரி என்றால் அதைவிடச் சற்றுத் தளர்வான எல்ஜிபிஎல், அல்லது ஒவ்வொரு கோப்பின் அளவில் மட்டும் கட்டுப்படுத்தும் மொஸில்லா உரிமம் 2.0. உங்கள் மென்பொருள் சர்வரில் ஓடி, மக்கள் இணையம் வழியே மட்டும் அதைத் தொடுவார்கள் என்றால் ஏஜிபிஎல்-ஐப் பாருங்கள். சாதாரண ஜிபிஎல்-இல் நகலை விநியோகித்தால்தான் மூலம் தரும் கடமை வரும். மாற்றியமைத்த மென்பொருளை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தக் கொடுத்தாலும் மூலம் தர வேண்டும் என்பது ஏஜிபிஎல் விதி.

ஜிபிஎல்-ஐ எடுத்தால் இன்னொன்றையும் முடிவுசெய்ய வேண்டும்: ‘பதிப்பு 3 மட்டும்’ என்பதா, ‘பதிப்பு 3 அல்லது அதற்குப் பிந்தையது’ என்பதா? லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ‘பதிப்பு 2 மட்டும்’ என்று நிற்கிறது. இந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் பின்னால் வருபவர்கள் ஊகித்துக்கொண்டிருப்பார்கள்.

தயவுசெய்து சொந்தமாக உரிமம் எழுதாதீர்கள். இருப்பதில் ஒரு வரியைக்கூடச் சேர்க்காதீர்கள். ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கான நிரலோடு வந்த ஜேசான் உரிமம் எம்ஐடி-யோடு ‘இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்கு அல்ல’ என்ற ஒரே வாக்கியத்தைச் சேர்த்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் எது நல்லது என்று யார் தீர்ப்புச் சொல்வது? டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. அபாச்சி உரிமத்தை வெளியிட்ட அபாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் அதற்கு இடமில்லை என்றது. ‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற நிபந்தனைக்கும் இதே கதிதான்: எந்தத் துறையையும் விலக்காமல் இருப்பது திறமூல வரையறையின் அடிப்படை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆவணத்துக்கும் படத்துக்கும் பொருந்தும். நிரலுக்கு வேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது.

இரண்டாம் படி: எழுதி வையுங்கள்

திட்டத்தின் மேல் அடைவில் ‘லைசென்ஸ்’ என்ற கோப்பு. பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைப்பது வழக்கம். உள்ளே உரிமத்தின் முழு உரை, எழுத்து மாறாமல். எம்ஐடி என்றால் ஆண்டும் பெயரும் நிரப்ப வேண்டும். அபாச்சி உரையின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஆண்டு, பெயர் என்று இருக்கும் இடத்தை அங்கேயே நிரப்பப் பலரும் கை வைக்கிறார்கள். அது உங்கள் நிரல் கோப்புகளின் தலைப்பில் போட வேண்டிய மாதிரி வாசகம். உரிமக் கோப்பில் அப்படியே இருக்கட்டும்.

ஒரே ஒரு உரிமக் கோப்பு போதாது. மக்கள் முழுத் திட்டத்தையும் எடுப்பதில்லை, ஒரு கோப்பை மட்டும் உருவிக்கொண்டு போவார்கள். அது போகும் இடத்துக்கு உரிமமும் கூடப் போக வேண்டும். அதற்குத்தான் எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுத் தரத்தின் அடையாள வரி. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்புரிமை யாருடையது என்று ஒரு வரி, எந்த உரிமம் என்று ஒரு வரி: ‘எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்’ என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, உரிமத்தின் குறுக்கப்பெயர். லினக்ஸ் கெர்னல் 2017 முதல் இதை எல்லாக் கோப்புகளிலும் சேர்க்கத் தொடங்கியது. அதற்கு முன் ஆயிரக்கணக்கான கோப்புகளில் உரிமம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருந்தவற்றிலும் ஆளுக்கு ஒரு வாசகம். எஸ்பிடிஎக்ஸ் 2021-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இந்த வரிகளை எப்படி வைப்பது என்று ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ‘ரீயூஸ்’ விதிமுறை தெளிவாகச் சொல்கிறது. ‘ரீயூஸ் லின்ட்’ கட்டளையை ஓட்டினால் எந்தக் கோப்பில் வரி விடுபட்டது என்று பட்டியலிட்டுக் காட்டும். பத்துக் கோப்புகள் இருக்கும்போது இதைச் செய்தால் ஒரு மாலை வேலை.

பேக்கேஜ் விவரக் கோப்பில் உரிமம் எழுதும் இடம் ஒன்று உண்டு. அங்கே எம்ஐடி, உரிமக் கோப்பில் ஜிபிஎல், திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் வேறொன்று என்று மூன்று விதமாக இருக்கும் திட்டங்கள் ஏராளம். மூன்றையும் ஒன்றாக்குங்கள்.

மூன்றாம் படி: வெளியிலிருந்து வந்ததைக் கணக்கெடுங்கள்

உங்கள் திட்டத்தில் உங்களுடையது எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். லைப்ரரிகள், அந்த லைப்ரரிகள் இழுத்து வரும் வேறு லைப்ரரிகள், நகலெடுத்துச் சேர்த்த நிரல், எழுத்துரு, ஐகான், சோதனைக்காக வைத்த படங்கள், மாதிரித் தரவு எல்லாம் கணக்கில் வரும். எழுத்துருவையும் ஐகானையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். டிபெண்டன்ஸிகளை (திட்டம் சார்ந்திருக்கும் லைப்ரரிகளை) பட்டியலிட ஒவ்வொரு மொழிக்கும் கருவி உண்டு: பைத்தானுக்குப் பிப்-லைசென்ஸஸ், ரஸ்டுக்குக் கார்கோ-டெனி என்று. கோப்புகளுக்குள் புகுந்து உரிம வாசகங்களைத் தேட ஸ்கேன்கோட், ஃபாசாலஜி இரண்டும் நல்ல கருவிகள்.

பட்டியல் கையில் வந்ததும் பொருத்தம் பாருங்கள். உரிமப் பொருத்தம் ஒருவழிப் பாதை. எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்தில் சேர்க்கலாம். எம்ஐடி அறிவிப்பு கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிபிஎல் நிரலை எம்ஐடி திட்டத்துக்குள் கொண்டுவந்தால், சேர்ந்த முழுமையை ஜிபிஎல் நிபந்தனைப்படிதான் வெளியிட முடியும். அபாச்சி 2.0 நிரல் ஜிபிஎல் 3-உடன் சேரும். காப்புரிமை தொடர்பான நிபந்தனைகளால் ‘ஜிபிஎல் 2 மட்டும்’ திட்டத்துடன் சேராது என்பது, ஜிபிஎல்-ஐ வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தின் பதில்களில் இருக்கும் நிரலுக்கும் உரிமம் உண்டு: பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் பகிரக் கேட்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ. யோசனையை எடுத்துக்கொண்டு நீங்களே எழுதுவதில் சிக்கல் இல்லை. வரிக்கு வரி நகலெடுத்து எம்ஐடி திட்டத்தில் போட்டால் சிக்கல்.

நகலெடுத்துச் சேர்க்கும் வெளி நிரலுக்குத் தனி அடைவு வையுங்கள். அதன் அசல் உரிமக் கோப்பும் அங்கேயே இருக்கட்டும். எங்கிருந்து, எந்தப் பதிப்பு, நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். அபாச்சி உரிமத்தில் ‘மாற்றியிருக்கிறேன்’ என்று சொல்வது நிபந்தனை. ‘நோட்டீஸ்’ கோப்பு ஒன்று இருந்தால் அதில் உங்களுக்குப் பொருந்தும் பகுதியையும் கூடவே கொண்டுபோக வேண்டும்.

நான் அடிக்கடி பார்க்கும் மீறல் இதைவிடச் சாதாரணமானது. மூல நிரலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வெளியீட்டில் அறிவிப்பு காணாமல் போயிருக்கும். எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே ஒன்று: பதிப்புரிமை அறிவிப்பும் உரிம உரையும் எல்லா நகலிலும் இருக்க வேண்டும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கும் கருவி குறிப்புகளையெல்லாம் வழித்து எறிந்துவிடுகிறது. மொபைல் செயலியில் ‘பற்றி’ பக்கமே இருக்காது. டாக்கர் இமேஜை (செயலியும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதியை) வெளியிடுபவர் தன் நிரலோடு அடியில் இருக்கும் முழு இயங்குதள அடுக்குகளையும் விநியோகிக்கிறார் என்பதை நினைப்பதே இல்லை. சுருக்கும் கருவியில் உரிமக் குறிப்புகளை விட்டுவைக்கும் அமைப்பு இருக்கும், அதை இயக்குங்கள். செயலியில் ‘திறமூல உரிமங்கள்’ என்று ஒரு பக்கம் வையுங்கள். பைனரி (கணினி நேரடியாக ஓட்டும் தொகுத்த வடிவம்) வெளியீட்டோடு எல்லா வெளி உரிமங்களும் அடங்கிய ஒரு கோப்பைக் கட்டாயமாக அனுப்புங்கள். பெயரைச் சொல்வது மரியாதை மட்டும்தான், சட்டம் கண்டுகொள்ளாது என்று நினைக்க வேண்டாம். ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில், மாதிரி ரயில் மென்பொருள் ஒன்றை அதன் உரிமம் கேட்ட அறிவிப்புகள் இல்லாமல் எடுத்தது பற்றிய சர்ச்சையில், இப்படிப்பட்ட நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகலாம் என்று அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் சொன்னது.

ஜிபிஎல் மென்பொருளைப் பைனரியாகக் கொடுத்தால், அதே பைனரியை உருவாக்கும் மூலமும் தொகுக்கும் ஸ்கிரிப்டுகளும் சேர்த்துத் தர வேண்டும். இதனால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் கதை. அதற்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேட்டார்கள், மூலம் வெளியிடப்பட்டது, அதிலிருந்து ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளம் முளைத்தது. இன்று எத்தனையோ ரவுட்டர்கள் அதில் ஓடுகின்றன.

நான்காம் படி: பங்களிப்பு விதிகள்

‘கான்ட்ரிபியூட்டிங்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்தால், புல் ரிக்வெஸ்ட் (தன் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறப்பவருக்கு கிட்ஹப் அதைக் காட்டும். நிரல் எழுதும் பாணி, சோதனை எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் பெரும்பாலோர் எழுதிவிடுகிறார்கள். உரிமம் பற்றிய பகுதிதான் விடுபடும். இப்படி எழுதினால் போதும் (கமிட் என்பது பதிவுசெய்த ஒரு மாற்றம், இஷ்யூ என்பது விவாதப் பதிவு, சைன்-ஆஃப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்):

“இந்தத் திட்டம் அபாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது. நீங்கள் அனுப்பும் எதுவும் அதே உரிமத்தில் சேரும். ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் சைன்-ஆஃப் வரி இருக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து எடுத்த பகுதி இருந்தால் எங்கிருந்து, எந்த உரிமத்தில் என்று புல் ரிக்வெஸ்டில் சொல்லுங்கள். வேலை நேரத்தில் எழுதியது என்றால் உங்கள் நிறுவனத்தின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிய லைப்ரரி சேர்க்கும் முன் ஒரு இஷ்யூ திறந்து பேசுவோம்.”

ஓர் உரிமத்தை அறிவித்திருக்கும் ரெப்போவில் (திட்டத்தின் நிரல் களஞ்சியத்தில்) சேர்ப்பவை அதே உரிமத்தில் வரும் என்று கிட்ஹப்பின் சேவை விதியிலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நாளைக்கு நீங்கள் வேறு தளத்துக்கு மாறினால், அல்லது ஒருவர் மின்னஞ்சலில் பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பினால், அந்த விதி உதவாது. உங்கள் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

சைன்-ஆஃப் என்பது டிசிஓ முறையின் அடையாளம், அதாவது நிரல் எங்கிருந்து வந்தது என்று பங்களிப்பவர் தரும் உறுதிமொழி. எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸ் நிரலின் பிறப்பிடத்தைக் கேள்வி கேட்டு 2003-ல் வழக்குப் போட்ட பிறகு, 2004-ல் கெர்னல் குழு இதைக் கொண்டுவந்தது. கமிட் செய்யும்போது ஒரு சிறு தெரிவை மட்டும் சேர்த்தால், செய்தியின் அடியில் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட வரியை, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் தானே போட்டுவிடும். அந்த வரியின் பொருள்: இதை நான் எழுதினேன், அல்லது பொருத்தமான உரிமத்தில் இருந்த ஒன்றிலிருந்து எடுத்தேன், அல்லது இதே உறுதி தந்த ஒருவரிடமிருந்து வந்தது, அனுப்பும் உரிமை எனக்கு உண்டு, இந்தப் பதிவு என்றும் பொதுவில் இருக்கும் என்பது தெரியும். கடைசிப் பகுதியைப் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பெயரும் மின்னஞ்சலும் பொதுவில் நிலைத்துவிடும் என்று தெரிந்தால் சிலர் தனி முகவரி ஒன்றைப் பயன்படுத்த விரும்புவார்கள்.

இன்னொரு வழி சிஎல்ஏ: பங்களிப்பவர் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. அபாச்சி அறக்கட்டளை போன்ற பெரிய அமைப்புகள் தக்க காரணத்தோடு அதைக் கேட்கின்றன. சின்னத் திட்டத்துக்கு டிசிஓ போதும் என்பது என் கருத்து. எழுத்துப்பிழை திருத்த வந்தவரிடம் இரண்டு பக்க ஒப்பந்தத்தை நீட்டினால் அவர் திரும்பிப் போய்விடுவார். மேலும் சில சிஎல்ஏ-க்கள் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை ஒரு தரப்பிடம் மட்டும் கொடுக்கின்றன. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம் தன் டெராஃபார்ம் மென்பொருளை மொஸில்லா உரிமத்திலிருந்து திறமூலம் அல்லாத பிஎஸ்எல் உரிமத்துக்கு மாற்றியதும், அதிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்ததும் பலருக்கு நினைவிருக்கும். சிஎல்ஏ வேண்டும் என்றால், எந்த அதிகாரத்தைக் கேட்கிறீர்கள், எதற்காக என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த நிரல் பற்றியும் இப்போதே ஒரு வரி தேவை. அது எதைப் பார்த்து எழுதியது என்று அனுப்புபவருக்கே தெரியாதபோது சைன்-ஆஃப் எப்படிப் போடுவது என்பதுதான் கேள்வி. ஜென்டூ என்ற லினக்ஸ் விநியோகம் 2024-ல் அத்தகைய பங்களிப்பை ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம், தன் மையக் குழுவின் எழுத்துபூர்வ முன் அனுமதி வேண்டும் என்றது. அனுமதிக்கும் திட்டங்களும் இருக்கின்றன. உங்கள் முடிவு எதுவானாலும் விதியில் இருக்கட்டும். அனுமதிப்பதாக இருந்தால், பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும் என்றாவது கேளுங்கள்.

ஐந்தாம் படி: திருத்தத்தைப் படிக்கும்போது

விதி எழுதிவிட்டால் வேலை முடியவில்லை. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் அதே கண்ணோடு, எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். ஓர் உதாரணம்: தேதி வடிவங்களைப் படிக்கும் செயற்கூறு ஒன்றைப் புதியவர் அனுப்புகிறார். திட்டம் முழுக்க மாறிப் பெயர்கள் கீழ்க்கோடு போட்டிருக்க, இந்த நாற்பது வரியில் மட்டும் நடுவில் பெரிய எழுத்து. உள்தள்ளல் டேப்பில் இருக்கிறது. ஒரு குறிப்பில் இந்தத் திட்டத்தில் இல்லாத வேறொரு கோப்பின் பெயர் வருகிறது. வேறு ஏதோ ஒரு திட்டத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குற்றம் சாட்டாதீர்கள். பெரும்பாலும் அவருக்கு விதி தெரியாது, அவ்வளவுதான். இப்படிக் கேளுங்கள்: “அருமையான திருத்தம், நன்றி. தேதி பிரிக்கும் பகுதி வேறொரு திட்டத்திலிருந்து எடுத்ததா? அப்படியென்றால் இணைப்பைத் தாருங்கள். உரிமம் பொருந்தினால் அவர்கள் பெயரோடு சேர்த்துவிடலாம். பொருந்தாவிட்டால் நாம் சேர்ந்து புதிதாக எழுதுவோம்.” பதில் வந்ததும் அந்த இணைப்பைக் கமிட் செய்தியிலும் எழுதுங்கள். புல் ரிக்வெஸ்ட் உரையாடல் தளத்தோடு போய்விடலாம். கமிட் செய்தி நிரலோடு இருக்கும். சரியான பதில் வராவிட்டால், எவ்வளவு நல்ல நிரலானாலும் சேர்க்க வேண்டாம்.

இயந்திரம் செய்யக்கூடியதை இயந்திரத்திடம் விடுங்கள். சைன்-ஆஃப் இருக்கிறதா, எஸ்பிடிஎக்ஸ் வரி இருக்கிறதா, புதிய டிபெண்டன்ஸியின் உரிமம் அனுமதித்த பட்டியலில் உள்ளதா என்ற மூன்று சோதனைகளும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் தானாக ஓடட்டும்.

ஆறாம் படி: தவறு தெரியவந்தால்

பொருந்தாத நிரல் ஏற்கனவே உள்ளே இருப்பது தெரிந்தால், உடனே அதை நீக்கிப் புதிய வெளியீடு கொடுங்கள். மாற்று நிரலை, முடிந்தால் பழையதைப் பார்க்காத ஒருவர் எழுதட்டும். சமீபத்திய கமிட்டில் நீக்கினால் மட்டும் போதாது, பழைய வெளியீட்டுக் கோப்புகளை இன்னும் பதிவிறக்க முடிகிறதா என்று பாருங்கள். தேவையானால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். உரிமையாளருக்கு நீங்களே எழுதுங்கள். பல நேரம் அவர் ‘அதே உரிமத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றே சொல்லிவிடுவார். ஜிபிஎல் 2-இல் மீறிய உடனே உரிமை தானாக முடிந்துவிடும். 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பு சற்று இடம் தருகிறது: ஒரு உரிமையாளரிடமிருந்து முதல்முறையாக அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை நிரந்தரமாகத் திரும்பும்.

உங்கள் நிரலை வேறொருவர் மீறினாலும் அதே பொறுமையோடு தொடங்குங்கள். பொதுவில் கூச்சலிடும் முன் தனி மின்னஞ்சல். எந்த வெளியீட்டில், எந்தக் கோப்பு உங்களுடையது, உரிமத்தின் எந்த நிபந்தனை விடுபட்டது, என்ன செய்தால் சரியாகும் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். ஆதாரமாக அவர்களுடைய வெளியீட்டின் ஒரு நகலை முன்பே எடுத்து வையுங்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன: நோக்கம் உரிமத்தைப் பின்பற்ற வைப்பது, நீதிமன்றம் கடைசி வழி. அந்தக் கட்டத்துக்குப் போனால், அல்லது எதிர்த்தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார்கள் என்பதைத்தான், ஏனென்றால் பொதுவாகப் பதிப்புரிமை உள்ளவரே வழக்குத் தொடுக்க முடியும். கோப்பின் தலையில் இருக்கும் வரிகளையும் கமிட் செய்திகளில் இருக்கும் சைன்-ஆஃப்களையும் எடுத்துக் கொடுங்கள்.